பூஜ்யம் போட்ட கட்டுரை

ஒரு கண் மருத்துவ ஆய்விதழை வைத்துத்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். கண்ணைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் நூலகன். அந்த இதழில் எந்த ஆண்டு எத்தனை கட்டுரை வந்தது, ஒவ்வொன்றையும் பிறகு எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. செண்பகனூர் வீட்டில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் எண்ணினேன். எங்கள் வேலையில் கட்டுரையைப் படிக்க மாட்டோம். தலைப்பு, ஆண்டு, எண்ணிக்கை, அவ்வளவுதான். யாரும் சீண்டாத கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் எனக்குக் கண் அழுத்த நோய் என்றார்கள். தொடக்கம்தான், சொட்டு மருந்து போதும். பள்ளங்கி கிராமத்தில் காரட் பயிர் போட்டுப் பிழைக்கும் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தலைவலி என்றாலே சோறு இறங்காமல் கிடப்பவள் அவள். அவள் வரும்போதெல்லாம் மருந்துப் புட்டியை அலமாரிக்குள் தள்ளிவிடுவேன்.

அவளோ முழங்காலில் புதுப்புதுக் காயத்தோடு வந்தாள். தோட்டத்துப் படியில் தடுக்கியதாம். பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஆள்மேல் மோதிவிட்டாளாம். கீழே பார்த்து நடக்கத் தெரியாதா என்று அதட்டினேன். பாவி, அதட்டத்தான் தெரிந்தது எனக்கு.

கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனபோது ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. மற்றதில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். இதுவும் கண் அழுத்த நோய்தான், போன பார்வை திரும்பாது என்ற டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது இது உண்டா என்று கேட்டார்.

“எங்க வீட்ல ஒருத்தருக்கும் இல்லீங்க. எந் தம்பியே கண்ணு ஆராய்ச்சிதான் பண்ணுது, அதுகிட்டயே கேளுங்க,” என்றாள் அக்கா. குரலில் அத்தனை பெருமை.

எனக்கு இருக்கிறது என்று சொன்னேன். தலையை முழுக்கத் திருப்பினால்தான் அவளுக்கு என் முகம் தெரிந்தது.

“ஒனக்கு எப்பருந்துய்யா? மருந்து ஒழுங்கா ஊத்துறியா?”

வீட்டுக்கு வந்ததும் என் அட்டவணையைத் திறந்தேன். இந்த நோய் உள்ளவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் கண்ணைச் சோதிப்பது பற்றி அதில் ஒரு கட்டுரை இருந்தது. தலைப்பை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். எதிரே பூஜ்யம். அன்றுதான் அதைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாயங்காலம் மருந்தை எடுத்தால், மொதல்ல நீ ஊத்திக்க என்கிறாள். அந்தக் கட்டுரையைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.