ஜவுபரின் அரை வருடம்

மருதமுனை ஜவுபர் நல்ல நெசவாளி. அவர் நெய்த, ஆண்கள் உடுத்தும் சாரன்களை அக்கரைப்பற்றுக் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். அவர் அதைவிடப் பெரிய இடத்துக்குப் போக வேண்டியவர். போகாமல் நின்றதற்குக் காரணம் நான். இதை நானே எழுதிவைப்பதுதான் முறை.

என் பெயர் செல்லத்தங்கம். ஊர் பாண்டிருப்பு. 1950இல் கொழும்பில் பயிற்சி முடித்து, கல்முனைப் பகுதிக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்தேன். மருதமுனையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் மிஸி. ஜவுபரின் தாய் ஆசியா உம்மா விதவை. வீட்டில் இரண்டு தறிகள். ஜவுபர் பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். இருபத்திரண்டு வயதில் அவர் போட்ட துவாய்க்கரைகளைப் பார்த்த நெசவு உத்தியோகத்தர் ஒருவர், ஒரு கடிதம் கொடுத்துக் கொழும்பிலிருந்த சித்திரக் கல்லூரிக்கு அனுப்பினார். துணிக்கு வடிவம் அமைக்கும் படிப்பு அங்கே மூன்று வருடம்.

அங்கே மேசையில் ஒரு கத்தரிக்காயை வைத்து, அதைப் பார்த்துத் தாளில் கீறச் சொன்னார்கள்.

நூல் எண்ணிப் பூ எடுக்கிறவனுடைய கைக்கு வளைவு தெரியாது. தறியில் வளைவு வேண்டுமென்றால் ஒரு நூல் தள்ளி, பிறகு இன்னொரு நூல் தள்ளி, படிபடியாகத்தான் இறங்கலாம். ஜவுபர் கத்தரிக்காயையும் அப்படியே கீறினார். இரண்டு பக்கமும் படிக்கட்டு. அதோடு விடவில்லை. கரையில் ஒரு பூ நிமிர்ந்திருந்தால் அடுத்தது கவிழ்ந்திருக்க வேண்டும் என்பது தறிக்காரர் பழக்கம். எனவே பக்கத்தில் இன்னொரு கத்தரிக்காயைத் தலைகீழாகக் கீறிவைத்துவிட்டு எழுந்தார். மேசையில் இருந்தது ஒன்றுதான்.

கல்லூரிக்காரர்கள் கோபிக்கவில்லை. தங்களுக்குள் பேசிவிட்டு, மூன்று வருடப் படிப்புக்கு இப்போதே எடுக்க முடியாது, முதலில் ஆயத்த வருடம் ஒன்று படிக்க வேண்டும் என்றார்கள். அந்த வருடத்தில் துணியே கிடையாது. கண்ணும் கையும் பழகுவது மட்டும்தான். அதில் தேறினால் மற்றது.

அப்போது அவருக்கு மீராசாஹிபுவின் மகள் றாஹிலாவைப் பேசி முடித்திருந்தார்கள். மீராசாஹிபுவுக்கு மாவடிப்பள்ளியில் வயல் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பவர். ஆகவே மகளுக்கென்று கட்டிய வீட்டின் சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. "படிக்கட்டும், காத்திருப்பம்" என்றார் மீராசாஹிபு. 1954 பெப்ரவரியில் ஜவுபர் புறப்பட்டார்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர் வந்திருந்தபோது, அவருடைய மூத்த சகோதரி சரீபா ராத்தாவின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் வந்தது. பிரசவம் பார்த்தவளுக்கு அன்று மரியாதை உண்டு. நல்ல பாயில் உட்காரவைத்து, முதல் வட்டில் சோறு எனக்கு வைத்தார்கள். பெண்கள் உள்ளறையில், ஆண்கள் முன்மண்டபத்தில். இடையில் வாசலும் ஒரு சேலைத் திரையும். சாப்பாடு முடிந்ததும் மீராசாஹிபுவின் குரல் கேட்டது.

"மருமகன், கொழும்புப் படிப்பக் கொஞ்சம் எங்களுக்கும் காட்டுங்களன்."

ஜவுபர் ஒரு காகிதச் சுருளைக் கொண்டுவந்து விரித்தார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். கத்தரிக்காய். அடுத்த தாளிலும் கத்தரிக்காய். அதற்கடுத்ததிலும் அதே. நடுவில் ஒரு தாளில் சாம்பல் நிறச் சதுரங்கள் வரிசையாக இருந்தன.

"என்னகா இது, சந்தைக்குக் கொண்டுபோற சாமானா?" என்றாள் என் பின்னால் நின்ற ஒருத்தி.

"ஆள் உருவம் கீறல்லத்தானே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஆசியா உம்மா. மார்க்கத்தில் விலக்கிய ஆள் உருவத்தை மகன் கீறிவிடுவாரோ என்பதே அவருடைய கவலை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கொழும்பில் படித்தவள் நான் ஒருத்திதான். வாசலில் நின்றபடி உரக்கச் சொன்னேன்: "ஆறு மாசத்தில ஒரு கத்தரிக்காயா தம்பி? இந்த ஆறு மாசத்தில நான் நாப்பது புள்ளைக்கு மேல கையில ஏந்திட்டன். உங்கட காய் இன்னும் முத்தல்லியா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஜவுபரும் சிரித்தார். மீராசாஹிபு மட்டும் குனிந்து தாள்களைச் சுருட்டினார். "எடுத்து வைங்க மருமகன், ஆரும் மிதிச்சிருவாங்க" என்றார்.

அடுத்த நாளே தேத்தண்ணிக் கடையில் ஜவுபருக்கு 'கத்தரிக்கா மாப்பிள்ளை' என்று பெயர். வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். மிஸி சொன்னதால் அது தீர்ப்பாகிவிட்டது.

செப்டம்பர் முதல் கிழமை, சரீபாவின் பிள்ளைக்கு வாயில் வெண்புண் என்று கூப்பிட்டார்கள். போனால் தறிச் சத்தம் கேட்டது. ஜவுபர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இன்னும் கொழும்புக்குப் போகல்லியா?"

"போகல்ல மிஸி."

"வகுப்பு எப்ப தொடங்கும்?"

"போன திங்கள் தொடங்கிட்டு. பதினெஞ்சாந் தேதிக்குள்ள போகாட்டி இடம் மத்தவனுக்கு."

"அப்ப ஏன் இரிக்கீங்க?"

"போய் என்ன, இன்னும் கத்தரிக்காதானே."

"நான் சொன்னது பகிடி, தம்பி."

"ஓம் மிஸி. எல்லாருக்கும் தெரியும் பகிடியெண்டு. அதாலதான் போக ஏலாமக் கெடக்கு."

அந்தச் சுருளைக் கொண்டுவரச் சொன்னேன். அன்று திரைக்குப் பின்னால் நின்று பார்த்ததை, இப்போது பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் தேதி இருந்தது. முதல் தாளில் படிக்கட்டு. ஐந்தாவதில் படிகள் சிறுத்திருந்தன. இருபதாவதற்குப் பிறகு படியே இல்லை. கடைசித் தாளில் இருந்த காய் பாரத்தோடு மேசையில் கிடந்தது. காம்புப் பக்கம் சற்று வதங்கியிருந்தது. தொட்டால் விரலுக்கு வழுக்கும் போலிருந்தது. ஒரே மனிதர் கீறியதென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"இந்தச் சாம்பல் கட்டம் என்னத்துக்கு?"

"வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில பத்துச் சாம்பல், மிஸி. ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் ஒரே அளவு தூரம் இரிக்கோணும். எனக்கு மூணு கிழமை எடுத்திச்சு."

"அத வெச்சு என்ன செய்ற?"

"நானும் கேட்டன். அடுத்த தவணையில விளங்கும் எண்டாங்க."

எனக்கு என் பயிற்சிக்காலம் ஞாபகம் வந்தது. பயிற்சிக்குப் போன முதல் மூன்று மாதமும் என்னை ஒரு கர்ப்பிணியையும் தொட விடவில்லை. துணிப் பொம்மையைக் குளிப்பாட்டினேன். கட்டில் விரிப்பின் மூலையை மடித்தேன். பிழைத்தால் அவிழ்த்துத் திரும்ப மடித்தேன். மணிக்கூட்டைப் பார்த்துக் கை கழுவினேன். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தினமும் பிரசவம் பார்ப்பதாகப் புளுகினேன். அந்த மூன்று மாதம் இல்லாமல் போயிருந்தால் சரீபாவின் பிள்ளையையே நான் தவறவிட்டிருப்பேன். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை அது. ஜவுபருக்கு நடப்பது என்னவென்று அந்த ஊரில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிரிக்கத் தொடங்கியவளும் நான்தான்.

செய்ய வேண்டியது எளிது. மீராசாஹிபுவிடம் போய், நானும் மூன்று மாதம் பொம்மை குளிப்பாட்டினேன், இந்த ஆயத்தம் வீண்வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். மாமனாரே போகச் சொன்னால் ஜவுபர் போவார். ஐந்து நிமிட வேலை. நான் போகவில்லை.

காரணம் ஹவ்வா உம்மா. பயிற்சி எதுவும் இல்லாமல் முப்பது வருடம் பிள்ளை பிறப்பித்த ஊர் மருத்துவிச்சி. நான் வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டி. அரசாங்கத்தில் படித்த மிஸி பொம்மையில் படித்தாள் என்று அவருக்குத் தெரிந்தால் மருதமுனையில் எனக்கு வேலை ஓடாது என்று நினைத்தேன். இன்று இந்த வீட்டில் பிரசவம், நாளை அந்த வீட்டில் காய்ச்சல் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். பதினைந்தாம் தேதி கடந்தது. பத்தொன்பதாம் தேதி, வெட்கம் தாங்காமல் மீராசாஹிபு வீட்டுக்குப் போனேன். அவர் அரைச்சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அதுக்கென்ன தங்கச்சி? நெல்லுப் போட முதல் வயலத் தண்ணி கட்டி ரெண்டு தரம் உழுறல்லியா? அது எனக்குத் தெரியாதா? போக வேணாமெண்டு நான் ஒரு சொல் சொல்லல்ல. அவர் போயிருப்பார் எண்டுதானே நெனச்சன்."

அன்றே ஜவுபரைப் பிடித்துக் கல்லூரிக்குத் தந்தி அடிக்கவைத்தேன். பின்னால் என் கைப்பட ஒரு கடிதமும் எழுதினேன். இடம் நிரம்பிவிட்டது, ஆயத்த வருடத்தை நடுவில் விட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. ஜவுபர் அதை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் போட்டார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பொம்மைக் கதையும் பரவியது. ஹவ்வா உம்மா தெருவில் என்னை மறித்து, "என்ன மிஸி, பொம்மைக்குக் காய்ச்சலாம், பாக்கப் போகல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டாம் நாள், வயிற்றில் குறுக்கே கிடந்த பிள்ளை ஒன்றுக்கு அவரே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் பயந்த பயம் அவ்வளவுதான் பெறும்.

ஜவுபர் அடுத்த வருடம் றாஹிலாவைக் கலியாணம் முடித்துப் புது வீட்டுக்குப் போனார். தறியையும் கொண்டுபோனார். அவருடைய சாரன்களில் சாம்பல் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல இருண்டு போகும். வேறு தறியில் அப்படி வராது. அந்த மூன்று கிழமை அதில் தெரிந்தது. ஆனால் பத்து வருடமாக அதே சாம்பல்தான். பிறகு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

அதற்கிடையில், 1958இல் அவருடைய இரண்டாவது மகளை நான்தான் பிறப்பித்தேன். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸி, ஒண்டு கேக்கட்டா? அந்த மூணு மாசம் முடிஞ்ச பொறகு உங்களுக்கு என்ன படிப்பிச்சாங்க?"

நான் சொன்னேன். முதல் தரம் வார்டுக்குள் விட்டதைச் சொன்னேன். ஒரு தாயின் வயிற்றில் கை வைத்தபோது, பொம்மையில் பழகியதெல்லாம் என்னத்துக்கென்று ஒரே நொடியில் விளங்கியதைச் சொன்னேன்.

"அப்பிடித்தான் இருந்திரிக்கும், என்ன?" என்றார். "எனக்கு அந்தப் பக்கம் தெரியா."

அவர் வெற்றுக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பார்க்க உள்ளே போனார்.