ஒன்றாம் வகுப்பின் விமானம்

தொண்ணூறுகளின் கடைசியில், நியூ ஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்து ஊரில் இருந்த ஒரு யூதத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் உதவி ஆசிரியை. காலையில் ஹீப்ரு, மதியம் கணக்கும் ஆங்கிலமும். வகுப்பு ஆசிரியையைக் குழந்தைகள் ‘மோரா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹீப்ருவில் டீச்சர் என்று அர்த்தம். அவர்கள் வலமிருந்து இடமாக எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கண்ணும் அந்தச் சின்ன விரல்களோடு பின்னோக்கிப் போகும்.

மே மாதம் வந்தால் அந்த வகுப்பு ஜெருசலேமுக்குப் பறக்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, க்ரேப் பேப்பரில் பெல்ட் கட்டி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டால் விமானம் தயார். அந்த வருஷம் மோரா என்னிடம், “எங்க எல்லாரையும் விட ரொம்ப தூரம் பறந்து வந்தவங்க நீங்கதான். ஏர் ஹோஸ்டஸா நீங்கதான் இருக்கணும்” என்றார்.

நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். எஞ்சின் சத்தத்துக்காக வெளியே காரிடாரில் யாரோ வாக்யூம் க்ளீனரை ஓடவிட்டார்கள். அந்த இரைச்சலில் அறையே லேசாக அதிர்ந்தது. மோரா பின்னால் நின்று, ஓர் அட்டைக் குழலில் பைலட்டாகப் பேசினார். நான் திராட்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டே நடந்தேன். மஞ்சள் திரை வழியே வந்த வெயில் எல்லார் முகத்தையும் ஒரே நிறமாக்கியிருந்தது. ஒரு பையன் நிஜமாகவே தூங்கிப்போனான்.

“கீழே என்ன தெரியுது?” ஜன்னலோரச் சிறுமி ரகசியமாகக் கேட்டாள்.

“கடல்.”

“அப்புறம்?”

“இன்னும் கடல்தான்.”

திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். “இந்த ப்ளேன் உங்க வீட்டுக்குப் போகுமா?”

மோராவைப் பார்த்தேன். அவர் குழலை வாயில் வைத்தார். “பயணிகளே, காத்து பலமா அடிக்குது. கொஞ்சம் தள்ளிப் போய் மெட்ராஸ்ல நின்னுட்டுத் திரும்புவோம். மெட்ராஸ் எப்படி இருக்கும்னு ஏர் ஹோஸ்டஸ் சொல்வாங்க.”

கிரீன் கார்டுக்குக் காத்திருந்ததில் நான் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூட்டைச் சொன்னேன். ஈரக்காற்று, ஹார்ன் சத்தம், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெருக்கியடிக்கும் கூட்டம். “அதோ, எங்க அம்மா நிக்கறாங்க” என்று ஏன் சொன்னேனோ தெரியவில்லை. குழந்தைகள் பெல்ட்டோடு எம்பி, மூடிய திரையைப் பார்த்துக் கையாட்டினார்கள். தூங்கியவனும் எழுந்து ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

பிறகு ஜெருசலேமில் இறங்கினோம். யூதர்கள் பிரார்த்தனை செய்யும் மேற்குச் சுவரைப் பழுப்புக் காகிதத்தில் செய்து வைத்திருந்தார்கள்; அதற்கு முன்னால் பாட்டு, ஆட்டம்.

பள்ளி விட்டதும் சிறுமியின் அம்மா என்னிடம், “உங்க அம்மாவைப் பார்த்தேன்னு சொல்றாளே, ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிறுமியே, “இல்லம்மா, நாங்கதான் போனோம்” என்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கணவரிடம் சொன்னேன்.

“விசா இல்லாமலா இறங்கினீங்க?”

“யாரும் இறங்கலை. வெறும் ட்ரான்சிட்தான்.”

சிரித்துக்கொண்டே, ஊருக்கு போன் பேச வாங்கி வைத்திருந்த காலிங் கார்டை எடுத்து நீட்டினார்.

அம்மாவுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் என்ன புடவை கட்டியிருந்தேன்னு சொன்னே?” என்றாள்.

“அதைச் சொல்லலையேம்மா.”

“பச்சைன்னு சொல்லு.”

மறுநாள் அந்தச் சிறுமியிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த எழுத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஆமா, பார்த்தேன்” என்றாள்.