மட்கார்டில் பூசிய சுண்ணாம்பு

மாலை ஏழேகால் மணிக்கு அரியலூர் பஸ் செந்துறைக்குள் வந்து நின்றது. என் மகன் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதற்கு முன் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. அவனுக்கு அரியலூர் ரயில் நிலையத்தில் கூட்ஸ் ஷெட்டில் வேலை. பஸ் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவான். அவன் கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பஸ்ஸின் இரைச்சல் கேட்கும்.

யுத்த காலம். மண்ணெண்ணெய் ரேஷன் கார்டுக்குத்தான். கிடைத்ததைச் சைக்கிளின் முன் விளக்கில் ஊற்றினோம்; விளக்கில்லாதவனைப் பிடிக்கும் போலீஸ்காரர் எதிரில்தான் நிற்பார். பின்னால் வருகிறவனுக்குக் காட்ட எண்ணெய் மிஞ்சாது. அதனால் எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் செய்ததையே நானும் செய்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கஞ்சி விட்டுக் குழைத்து, அன்று காலையில் பின் மட்கார்டில் கெட்டியாகப் பூசினேன். மகன் சிரித்தான்.

"சைக்கிளுக்கும் பொங்கலாப்பா?"

பள்ளிக்கூட வாத்தியார் நான். கணக்குப் பார்த்து, பயப்பட வேண்டியதற்கெல்லாம் முன்கூட்டியே பயந்து வைப்பவன். பஸ் நின்ற இடத்துக்கு ஓடினேன். காப்பிக் கடை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பஸ்ஸின் முன் பம்பரில் இடது ஓரமாக ஒரு வெள்ளைத் தீற்றல் தெரிந்தது. நகத்தால் கீறினேன். ஏடாக உரிந்து வந்தது. வெறும் சுண்ணாம்பு பொடியாகத்தான் உதிரும். இது கஞ்சிச் சுண்ணாம்பு.

"இது என்னய்யா வெள்ளை?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பொங்க நேரம் சார். ஊரு பூரா சுண்ணாம்பு. எந்தச் செவுத்துல ஒரசிச்சோ."

"எந்தச் செவுரு நடுரோட்டுக்கு வந்து ஒரசிச்சு?"

பெட்ரோல் பஞ்சத்தில் வண்டியை ஓட்டப் பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த கண்டக்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "அந்த மைல்கல்லா இருக்கும்ணே. எதுத்தாப்புல மாட்டு வண்டி வந்துச்சுன்னு ஓரமா ஒடிச்சீங்கள்ல, டொக்குன்னு கேட்டுச்சே!"

டிரைவர் அவனை முறைத்த முறைப்பிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எறங்கிப் பாத்தியா?"

"கல்ல எறங்கி என்னத்த பாக்குறது சார்? ஒத்த லைட்டு, அதுவும் அழுது வடியுது. தாழ்வா வெள்ளையாத் தெரிஞ்சுது. கல்லுன்னா ரோட்டுக்கு வெளியதான இருக்கும்னு ஒட்டி ஓட்டுனேன்."

இத்தனை நாள் என் மகன் எவன் கண்ணுக்கும் படாமல் போய்விடுவானோ என்றுதான் பயந்தேன். அவன் கண்ணில் பட்டிருக்கிறான். நன்றாகவே பட்டிருக்கிறான். அந்தச் சாலையில் அந்த உயரத்தில் வெள்ளையாக இருப்பது மைல்கல் ஒன்றுதான் என்று இவன் முடிவு செய்துகொண்டு, என் பிள்ளையைக் கல்லாக்கிவிட்டுக் காப்பி குடிக்க வந்திருக்கிறான்.

"பஸ்ஸைத் திருப்பு."

"கரி பத்தாது சார். நடுவழியில நின்னுபோவும்."

என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் கம்பி முன்பக்கம் செருகியிருந்தது. அதை உருவி எடுத்துக்கொண்டேன். "அப்ப இந்த வண்டி எங்கயும் போவாது."

காப்பிக் கடைக்காரர் தம் மாட்டு வண்டியைப் பூட்டி, லாந்தரை மாட்டினார். "நீங்களும் ஏறுங்க வாத்தியாரே" என்றார். நான் ஏறவில்லை; அவர் மட்டும் அரியலூர் சாலையில் போனார். நான் போனால் டிரைவர் கால்நடையாகவே நழுவிவிடுவான்.  இதை எழுதும் இப்போதும், ஏறாமல் நின்றதற்காக நான் வருந்தவில்லை.

அதே பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போக வேண்டியவர்கள் கத்தினார்கள். "உங்க சண்டைக்கு நாங்க என்னங்க பண்ணோம்?" என்றாள் ஒருத்தி. "படிச்சவரு பண்ற வேலையா இது?" என்றார் ஒருவர். கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வண்டி வெறும் உடம்பைக் கொண்டு வந்தால் அந்தக் கம்பியை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. டிரைவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கிட்டே வரவில்லை.

"சார், எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றான்.

"எனக்கு ஒண்ணுதான்" என்றேன்.

 அவன் பயப்படுவதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது. இன்னும் பயப்படட்டும் என்று அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

கடைசியில் இருட்டுக்குள் லாந்தர் ஆடி ஆடி வந்தது. வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். வண்டி நின்றதும் வைக்கோலிலிருந்து என் மகன் எழுந்தான். இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. கடைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். "தம்பி, கல்லுன்னு நெனச்சு..."

மகன் அவனை மேலும் கீழும் பார்த்தான். அவன் போட்டிருந்த காக்கிச் சட்டையை, காக்கி நிஜாரை. வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சைக்கிள் பள்ளத்துல கெடக்குதுப்பா. இவரே நடந்து போயி தூக்கிட்டு வரட்டும். விளக்கு கிளக்கு எதுவும் குடுத்துடாதீங்க."