கைகளில் வந்தது, கால்களில் வரவில்லை

காலை 11.42. நோயாளியின் இரண்டு கால்களிலும் சிக்னல் நின்றது. கைகளில் வந்துகொண்டிருந்தது. என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில், முதுகெலும்பு அறுவையின்போது நரம்புப் பாதையைக் கண்காணிப்பது என் வேலை. தலையில் சொருகிய ஊசிகள் வழியே மூளைக்குச் சிறு மின்துடிப்பு கொடுப்போம். அது தண்டுவடத்தில் இறங்கிக் கை, கால் தசைகளைத் துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பு, கை கால்களில் குத்திய ஊசிகள் வழியே திரையில் அலையாக வரும். எல்லா அலையும் படுத்துவிட்டால் மயக்க மருந்தைச் சந்தேகிக்கலாம். கால் மட்டும் படுத்தால் ஆபத்து முதுகில்.

அன்றைய நோயாளி முனுசாமி, அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். கூனை நிமிர்த்தும் அறுவை. முந்தின நாள் மாலை கேட்டார்: "தலைல கரண்ட் வுடுவியாமே அண்ணாத்தே? போன் பாஸ்வேர்டு அல்லாம் மறந்துடுமா?"

"எதுவும் மறக்காது. பல்லு இறுகும். நாக்கு கடிபடாம துணி வெச்சிடுவோம்."

"நாக்கு இன்னா, அதால ஊட்ல சண்டதான். கால பாத்துக்க. லேத்தாண்ட எட்டு மணி நேரம் நின்னாத்தான் நம்ம பொழப்பு."

11.42-க்குச் சற்று முன்புதான் சர்ஜன் கம்பியை இறுக்கிக் கூனை நிமிர்த்தியிருந்தார். நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன மாதம் வேறொரு அறுவையில், காலில் ஊசி கழன்றதை அறியாமல் நிறுத்தச் சொல்லி, "ஊசி கழண்டதுக்கு ஊரையே கூட்டிட்டீங்களே சார்" என்று இதே சர்ஜனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் ஊசி கழலாது என்று தெரிந்தும், துணிக்கடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 11.45-க்குத்தான் வாய் திறந்தேன்.

"சார், ரெண்டு காலும் போயிடுச்சு. கை இருக்கு."

அவர் வாதாடவில்லை. கம்பியைத் தளர்த்தினார். தண்டுவடத்துக்கு ரத்தம் போக, மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை ஏற்றினார். 11.58-க்கு வலது காலில் சின்ன அலை. 12.06-க்கு இடது காலில். கூனைக் கொஞ்சம் குறைவாகவே நிமிர்த்தி முடித்தார்கள்.

சர்ஜன் கையுறையைக் கழற்றும்போது அந்த மூன்று நிமிடத்தைச் சொன்னேன். "அதுல என் பங்கும் இருக்கு. இனிமே முதல்ல சொல்லுங்க, அப்புறம் குனிங்க. தப்பா நிறுத்தினாலும் பேச மாட்டேன்" என்றார். அதற்குப் பின் இரண்டு முறை தப்பாக நிறுத்தினேன். அவர் திட்டவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று முனுசாமி நின்றபடியே எனக்கு நன்றி சொன்னார். அவரிடமும் மூன்று நிமிடக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார். "நிக்கறேன் இல்ல, வுடு அண்ணாத்தே. பாஸ்வேர்டும் ஞாபகம் கீது."

இப்போதெல்லாம் அலை படுத்ததும் முதலில் வாய் திறக்கிறது. ஊசியைத் தேடிக் குனிவது அதற்கப்புறம்.