அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

அந்தோணிமுத்து பொதுப்பணித் துறையில் லஸ்கர். கீழ்வேளூருக்குக் கிழக்கே நெய்விளாகம் என்ற ஊரில், ஆற்றிலிருந்து பாசன வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது, கரை உடைப்பெடுக்காமல் பார்த்துக்கொள்வது, எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று அளந்து ஆபீசுக்குச் சொல்வது, இவைதான் வேலை. இருபத்தேழு வயதில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்தேழு.

அவருக்கு ஒரு வலைப்பூ உண்டு என்றால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பாதிப் பேர் வெளியூரில் இருந்துகொண்டு அதைப் படித்துவந்தார்கள்.

ஜூன் மாதம் வந்தால் குவைத், சிங்கப்பூர், திருப்பூர் என்று பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் ஆளாளுக்கு அவருக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, தண்ணி வந்துருச்சா?" என்பதுதான் கேள்வி. 2010இல் ஒரு நாள், பதினான்காவது போனை அவர் பேசி முடித்தபோது மனைவி ஃபிளோரா சொன்னார்: "எல்லாருக்கும் அதே பதிலத்தானே சொல்றீங்க. ஒரு எடத்துல எழுதிப் போட்டா எல்லாரும் பாத்துக்குவாங்கல்ல?"

ஃபிளோராவுக்கு அது எளிது. கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை பார்த்துவந்தார். பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை என்று தினமும் தமிழ் அடித்த விரல்கள். அந்தோணிமுத்து கோடு போட்ட நோட்டில் எழுதுவார். ஃபிளோரா அதில் உள்ள பிழைகளைத் திருத்திக்கொண்டே அடிப்பார். படங்களை அந்தோணிமுத்து போனில் எடுப்பார், ஃபிளோரா ஏற்றுவார். வலைப்பூவுக்கு 'மதகடி' என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் தண்ணீர் வந்த நாள் மட்டும்தான் எழுதினார்கள். பிறகு நாற்றங்காலில் இறங்கிய கொக்குகள், கரையில் முளைத்த காளான், அறுப்பு மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்ட கதை, கஜா புயலுக்கு மறுநாள் மதகின் மேல் விழுந்து கிடந்த புளியமரம் என்று என்னென்னவோ சேர்ந்துவிட்டது.

அதன் தோற்றத்துக்கு முழுப் பொறுப்பும் அந்தோணிமுத்துதான். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து. தலைப்பு வலமிருந்து இடமாக ஓடும். திரை முழுக்க மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் தானாக ஒலிக்கும். ஓரத்தில் ஒரு கடிகாரம், அதற்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு.

"கோயில் திருவிழா பந்தல் மாதிரி இருக்கு" என்றார் ஃபிளோரா.

"நல்லாதானே இருக்கு?"

"பந்தல் நல்லாதான் இருக்கும். அதுக்குள்ள உக்காந்து யாரும் படிக்க மாட்டாங்க."

அந்தோணிமுத்து சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

2021இல் ஃபிளோரா கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் தோள், பிறகு நெற்றி. தட்டுக்கு வெளியே சாம்பார் விழுந்தது. கடையில் ஒரு மனுவில் நடுவே இரண்டு வரியை விட்டுவிட்டு அடித்திருந்தார். முதலாளி அவரே சேர்த்துக்கொண்டார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு பல வருடமாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஓரத்துப் பார்வை போய்விட்டது, நடுவில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஃபிளோரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க நோட்ட இனிமே யாருங்க அடிப்பா?"

அந்தோணிமுத்துவுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன்பிறகு எட்டு மாதம் மதகடியில் ஒரு வரிகூட வரவில்லை. அந்த வருடம் தண்ணீர் வந்த நாள்கூடப் பதியப்படவில்லை. ஃபிளோரா கேட்டபோதெல்லாம் அந்தோணிமுத்து, "எழுதறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். உண்மையில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டும் பாதிக்கு வந்திருந்தது. அதை ஃபிளோராவிடம் காட்ட முடியாது. ஃபிளோராவிடம் காட்டாமல் உலகத்துக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

நஜ்மாவை அவர்கள் சந்தித்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அங்கே ஒரு தனி அறை இருந்தது. நஜ்மா நாகூர்ப் பெண், முப்பது வயதைத் தாண்டியவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனைக் காதருகே வைத்துக்கொண்டு விரலால் தட்டத் தட்ட, அது திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னது. அவர் வைத்திருந்த வேகத்தில் அது பேசியது மற்றவர்களுக்குப் பாதிகூடப் புரியவில்லை.

"நீங்க என்னக்கா விரும்பிப் படிப்பீங்க? அதுலயே ஆரம்பிப்போம்" என்றார் நஜ்மா.

ஃபிளோரா கணவரைக் காட்டினார். "இவங்க ஒரு வலைப்பூ வச்சிருக்காங்க."

நஜ்மா மதகடியைத் திறந்தார். உடனே நாதஸ்வரம் பொங்கியது. அதன் அடியில் போனின் குரல் மூச்சுத் திணறுவதுபோல் எதையோ சொன்னது. நஜ்மா இசையை நிறுத்தும் பொத்தானைத் தேடினார், கிடைக்கவில்லை. ஒரு வழியாகப் பாட்டு ஓய்ந்ததும் குரல் தெளிவாகக் கேட்டது: "படம். ஐ எம் ஜி ஜீரோ ஜீரோ நாலு ஏழு. படம். ஐ எம் ஜி ஜீரோ ஜீரோ நாலு எட்டு. படம்."

நஜ்மா சிரித்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கு வந்தா வாசல்ல மேளக்காரங்க வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களத் தாண்டி உள்ள போனா, எல்லா ரூமும் பூட்டியிருக்கு."

"பூட்டியிருக்குன்னா?"

"படம் படம்னு சொல்லுது. படத்துல என்ன இருக்குன்னு நீங்க எழுதவே இல்லையே. எழுதறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அதுல எழுதினா இது படிக்கும்."

பதினொரு வருடத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரியாது. மொத்தம் எத்தனை படம் என்று வீட்டுக்கு வந்து எண்ணினார். அறுநூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தார். முதலில் நாதஸ்வரத்தை எடுத்தார். உதிரும் இலைகளை நிறுத்தினார். ஓடும் தலைப்பை ஓரிடத்தில் நிற்கவைத்தார். கடிகாரத்தை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்து வந்தது. அந்த அளவு எழுத்தை ஃபிளோராவால் அப்போது திரைக்கு அருகில் முகத்தை வைத்து ஒன்றிரண்டு வரி படிக்க முடிந்தது.

பிறகு நோட்டில் இருந்ததை ஒற்றை விரலால் போனில் அடிக்க ஆரம்பித்தார். முதல் பதிவை ஏற்றிவிட்டு ஃபிளோராவின் கையில் போனைக் கொடுத்தார். போனின் குரல் உணர்ச்சியே இல்லாமல் படித்தது: "நேற்று இரவு நல்ல மலை பெய்தது. வாய்க்காள் நிரம்பிவிட்டது."

ஃபிளோரா நிமிர்ந்தார். "என்னங்க பெஞ்சுது?"

"மழை."

"இது மலை பெஞ்சுதுங்குது. ஊரே நசுங்கிப் போயிருக்கும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அன்றிலிருந்து பிழை திருத்தும் வேலை ஃபிளோராவின் காதுக்குப் போனது. குரல் தடுக்குகிற இடத்தில் கையைத் தூக்குவார். அந்தோணிமுத்து அங்கே நிறுத்தித் திருத்துவார்.

படங்கள்தான் கடினமாக இருந்தன. முதல் பத்துப் படங்களுக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: "வாய்க்கால்." "வயல்." "மதகு." "மீண்டும் வாய்க்கால்."

"மீண்டும் வாய்க்கால்னா எனக்கு என்னங்க தெரியும்?" என்றார் ஃபிளோரா. "தண்ணி கலங்கலா இருக்கா, தெளிஞ்சிருக்கா? அத சொல்லுங்க."

அந்தோணிமுத்து படத்தை மறுபடி பார்த்தார். அவரே எடுத்த படம். ஆனாலும் தண்ணீரின் நிறத்தை அப்போதுதான் கவனித்தார். முதல் நாள் தண்ணீர். டீத்தூள் கொதிக்கிற நிறம். நுரையோடு ஒற்றைச் செருப்பொன்று மிதந்து வந்தது. அதை எழுதினார். ஃபிளோரா கேட்டுவிட்டு, "ம். இப்ப தெரியுது" என்றார்.

ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஐந்து. சில படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. ஏற்றியவர் என்பதால் ஃபிளோராவுக்கு நினைவிருந்தது. "அது பெரிய வியாழன் அன்னைக்கு எடுத்தது. ஒதுக்குப்புறமா ஒரு நண்டு இருக்கும் பாருங்க" என்பார். பெரிதாக்கிப் பார்த்தால் நண்டு இருக்கும்.

நூற்று எழுபதாவது படமோ என்னவோ, 2014இல் எடுத்தது. மதகின் கைப்பிடிச் சுவரில் ஃபிளோரா சாய்ந்து நிற்கிறார். அந்தோணிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் "ஒரு பெண் நிற்கிறார்" என்று அடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாலை ஃபிளோரா போனும் கையுமாக வந்தார்.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"மதகுல நிக்கிற பொண்ணு. யாரையோ படம் புடிச்சுப் போட்டுருக்கீங்க. நானே என் கையால ஏத்திருக்கேன் போலருக்கு."

ஃபிளோரா தெரிந்தேதான் கேட்கிறார் என்பது அந்தோணிமுத்துவுக்குப் புரிந்தது. போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டார். போனின் குரல் அங்கிருந்தே கேட்டது.

"இது ஃபிளோரா. வேலை முடிந்து கடையிலிருந்து நேராக மதகுக்கு வந்திருக்கிறாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தூக்கு கீழே இருக்கிறது. பச்சைச் சேலை. காற்றில் தலைமுடி முகத்தில் விழுகிறது, அதை ஒதுக்கக் கையைத் தூக்கும்போது எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். பின்னால் நாலு கண் மதகும் திறந்து தண்ணீர் போகிறது. அன்றைக்கு நான் தண்ணீரை எடுக்கத்தான் போனை எடுத்தேன்."

குரல் நின்றது. அடுத்த படத்துக்குப் போகாமல் ஃபிளோரா விரலால் தட்டி முதலிலிருந்து படிக்கவைத்தார். மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்:

"அது பச்சை இல்லங்க. மயில் கழுத்து. ஒங்க அக்கா எடுத்துக் குடுத்த சேலை."

"மாத்திடறேன்."

"மாத்துங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்." போனை மடியில் வைத்துவிட்டு, "எனக்கே மறந்துபோச்சு, அப்ப எப்படி இருந்தேன்னு" என்றார்.

அந்தோணிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அவர்கள் வேறு படம் எதையும் தொடவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டும் முடியப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் ஃபிளோராவால் பெரிய எழுத்தையும் படிக்க முடியாமல் போயிருந்தது. வெளிச்சமும், எதிரே ஆள் நிற்கிறார் என்பதும் தெரியும். சொட்டு மருந்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஜெராக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டார். அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதார். அந்தோணிமுத்து லீவு போட்டுவிட்டு அருகில் இருந்தார்.

புது மதகடிக்குப் பழைய வாசகர்கள் வந்தார்கள். உதிரும் இலை எங்கே போச்சு என்று இரண்டு பேர் குறைபட்டார்கள். குவைத்திலிருந்து கோவிந்தராசு எழுதிய பின்னூட்டம்தான் அந்தோணிமுத்து எதிர்பாராதது.

"அண்ணே, நான் வேலை செய்யிற எடத்துல சிக்னல் சரியா கெடையாது. இத்தன வருஷமா உங்க படம் ஒண்ணுகூட எனக்கு முழுசா வந்ததில்ல. வெறும் கட்டம்தான் தெரியும். இப்ப அந்தக் கட்டத்துக்குள்ள எழுத்து வருது. கலங்கல் தண்ணி, ஒத்தச் செருப்பு எல்லாம் படிச்சேன். பக்கத்துல இருந்த மலையாளத்து ஆளுக்கும் சொன்னேன். அண்ணிய கேட்டேன்னு சொல்லுங்க."

ஃபிளோரா அதை நஜ்மாவுக்கு அனுப்பச் சொன்னார். நஜ்மா ஒரு குரல் பதிவில் பதில் அனுப்பினார்: "அக்கா, இப்ப நீங்க எழுதுங்க. பேசினாலே போன் எழுதிக்கும்."

"எனக்கு எழுத என்ன இருக்கு?" என்று ஃபிளோரா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஜூனில் தண்ணீர் வருகிற அன்று காலை அந்தோணிமுத்து அவரை மொபெட்டில் மதகுக்கு அழைத்துப் போனார். கரையில் பத்திருபது பேர் நெல்லும் பூவும் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தோணிமுத்து மேலே ஏறி ஷட்டரைச் சுற்ற ஆரம்பித்தார். ஃபிளோரா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்கு அருகே வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். அதை அப்படியே அன்று மாலை மதகடியில் போட்டார்கள். ஃபிளோரா தன் பெயரில் எழுதிய முதல் பதிவு அது:

"இரும்பு முதலில் முனகுகிறது. அப்புறம் பெரிய பானையைச் சாய்க்கிறதுபோல ஒரு சத்தம். காலுக்குக் கீழே சுவர் அதிருகிறது. காற்று சட்டென்று குளிர்ந்துவிட்டது, புது மண் வாசனை வருகிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். யக்கா ஓரமா நில்லுங்க சேலை நனையுது. தண்ணீர் வந்துவிட்டது."

நடுவில் புகுந்த அந்த வாக்கியம் பக்கத்து வயல்காரர் அன்பரசன் கத்தியது. போன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. எடுத்துவிடட்டுமா என்று அந்தோணிமுத்து கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் ஃபிளோரா. "நனைஞ்சது நெசந்தானே."