கீழ் மடிப்பில் ஈயம்

என்னிடம் ஓர் ஈயக்குண்டு இருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான், நடுவில் ஓட்டை. மீன்பிடிக்கிறவர்கள் வலையின் அடிக்கயிற்றில் கோர்ப்பது. பிஸ்கோத்து டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டால் கையில் அடிப்பேன். ஏன் அடிக்கிறேன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மயிலாப்பூரில் கடலுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. அப்பா யுத்தத்தின்போதே செத்துப்போனார். அக்கா மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப் அடித்தாள். வெள்ளைக்காரன் போன மறுவருடம், அவளோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியப் பெண் குடும்பத்தோடு கப்பல் ஏறினாள். போகும்போது இரண்டு கவுன்களையும் மூன்று பெட்டிக்கோட்டுகளையும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இடுப்புக்குக் கீழே குடைபோல் விரியும் கவுன்கள். அம்மா அவற்றை ஜன்னல் திரையாக வெட்டச் சொன்னாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டு ஆபீசுக்கே போனாள்.

அதைப் போடுவது பெரிய காரியமில்லை, போட்டுக்கொண்டு நடமாடுவதுதான் காரியம். அக்கா உட்காரும்போது புறங்கையால் பின்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுத்தான் உட்காருவாள். தடவாமல் உட்கார்ந்தால் முன்பக்கம் முழுக்க முகத்துக்கு எழும்பும். படி ஏறும்போது இரண்டு விரலால் முன்மடிப்பை மட்டும் கொஞ்சம் தூக்குவாள். கைநிறைய அள்ளித் தூக்குவது தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது மாதிரி இருக்குமாம். டிராமில் விரிப்பையெல்லாம் இடது பக்கம் சேர்த்து, கைப்பையை அதன்மேல் வைப்பாள். எங்கள் வீட்டுக் கதவு நிலை குறுகல், அதனால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். அந்த நேரத்தில் நிலையருகே யார் நின்றாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

பெட்டிக்கோட்டுக்குக் கஞ்சி போடுவது ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. கெட்டிக் கஞ்சியில் முக்கி, முற்றத்துக் கொடியில் போட்டால், காற்று உள்ளே புகுந்து தலையில்லாத மூன்று பெண்கள் தொங்குவதுபோல் இருக்கும். காய்ந்ததும் இறக்கித் தரையில் வைத்தால் அது தானாக நிற்கும். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அறை மூலையில் அது நிற்கும்போது நான் முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் பங்கு மாதா கோயிலைச் சேர்ந்தவர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கடல்காற்று ஒன்று சுழன்று வந்தது. அக்காவின் கவுன் பெட்டிக்கோட்டுகளோடு இடுப்புவரை எழும்பிவிட்டது. இரண்டு கையாலும் அமுக்கினாள், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. ஆண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை சிரிக்கவில்லை. புதன்கிழமை ஆள் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. "விட்டது சனியன்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி தோசை கேட்டுச் சாப்பிட்டாள். ஆனால் அடுத்த நாள் வாசலுக்கு மீன் கொண்டுவந்த அம்மாளிடம் ஒரு கை ஈயக்குண்டு கேட்டு வாங்கினாள். எண்ணிப் பார்த்தேன், இருபது. கப்பல் ஏறிய அந்தப் பெண் கடற்கரைக்குப் போகும் நாளில் கீழ் மடிப்புக்குள் கனமான பொத்தான்களை வைத்துத் தைத்துக்கொள்வாளாம், துணி எழும்பாதாம். அது வீட்டில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா கவுனையும் ஊசியையும் என்னிடம் கொடுத்தாள். "நாலு போதும்டி குட்டி. நாலு பக்கத்துக்கு நாலு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் நாலு தைத்தேன். பிறகு கோயில் வாசலில் சிரித்த முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. எனக்கு அப்போது பத்து வயது, கோபம் இப்போது இருக்கிற அளவுக்கு அப்போதே இருந்தது. எந்தக் காற்று வந்தாலும் இனி அசையக்கூடாது என்று தைத்துக்கொண்டே போனேன். விரலெல்லாம் குத்து. பத்தொன்பது முடித்தபோது நூல் தீர்ந்துவிட்டது. ஒன்று மிச்சம்.

சாயங்காலம் அக்கா போட்டுக்கொண்டாள். நிலையைத் தாண்டும்போது மடிப்பு மரத்தில் இடித்தது. டக், டக், டக். "என்னடி, யானைக்குச் சங்கிலி கட்டி வச்ச மாதிரி கீது" என்று சிரித்தாள். பிரிக்கட்டுமா என்று கேட்டேன். என் விரல்களைப் பார்த்தாள். "வேணாம், இன்னிக்கு ஒரு நாள் இப்படியே போறேன்" என்றாள். போனாள். கணுக்கால் அளவு அலையில் நிற்பது அவளுக்குப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் போவாள்.

ராத்திரி அவள் திரும்பவில்லை. காலையில் வலை இழுக்கப் போனவர்கள்தான் கரையில் ஒதுங்கிக் கிடந்தவளைப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் கிடத்தினார்கள். ஈரத்துணியைக் கழற்றியது அந்த மீன்கார அம்மாள். வாசலில் நின்றவர்களிடம் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "துணி கால்ல சுத்திக்கினு கீதுமா. கீழ சுத்திலும் குண்டு வச்சித் தச்சிருக்குது பொண்ணு." ஐந்து நிமிடத்தில் தெருவே சொல்லிவிட்டது: சம்பந்தம் போனதால் ஈயத்தைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டாள்.

தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அந்தக் காலத்தில் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளிப் புதருக்கு நடுவில் புதைப்பார்கள். மணி அடிக்க மாட்டார்கள். எங்கள் அப்பா உள்ளே இருந்தார். அக்கா உள்ளேயா வெளியேயா என்று தீர்மானிக்கப் பங்குச் சாமியார் மத்தியானம் வீட்டுக்கு வந்தார்.

நான் அறை மூலையில் இருந்தேன். முந்தின நாள் கஞ்சி போட்டதில் அக்கா உடுத்தாமல் விட்டுப்போன மூன்றாவது பெட்டிக்கோட்டு அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வேறு மறைவிடம் இல்லை. சாமியார் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தக் குண்டை வச்சுத் தைச்சது யாரும்மா?" அம்மா தெரியாது என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாராவது தைத்திருக்கலாமா என்று சாமியார் மறுபடி கேட்டார். நல்ல மனிதர்தான், வழி தேடித்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நான் எழுந்து சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

அப்போது பெட்டிக்கோட்டு அசைந்தது. கடல் ஈரத்தில் கஞ்சி இளகியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அது ஒரேயடியாக விழவில்லை. முதலில் முன்பக்கம் மடங்கியது, பிறகு இடுப்பு இறங்கியது. கோயிலில் ஒருத்தி மண்டி போடுவதுபோல் மெதுவாகத் தரையில் இறங்கி, எனக்கு முன்னால் குனிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் நான், குத்துப்பட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு சாமியார் பக்கம் திரும்பினாள்.

"அவளேதான் தைச்சா சாமி. நான் பார்த்தேன்."

அக்காவை வெளியே புதைத்தார்கள். அன்று அம்மா என் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். "எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம்" என்றாள். அக்காவைக் கொன்றவள் என்று தெரு என்னைச் சொல்லக்கூடாது என்பதற்காகப் பெரிய மகளைச் சுவருக்கு வெளியே தள்ளினாள். இதற்கு நான் நன்றி சொன்னதும் இல்லை, மன்னித்ததும் இல்லை. என்னையும்தான்.

அந்த வாரமே சத்தம் தொடங்கியது. விளக்கேற்றும் நேரத்தில், காற்று கடலிலிருந்து திரும்பும்போது, கதவு நிலையில் டக், டக், டக். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கதவைக் கழற்றிக்கூடப் பார்த்தோம், ஆடுகிற சாமான் எதுவும் இல்லை. ஆனால் அம்மா சாகும்வரை, அந்தச் சத்தம் வரும்போது நிலையருகே நின்றால், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அகலமான ஒன்று உள்ளே போகக் காத்திருப்பாள். போனதும்தான் நகருவாள்.

பல வருடம் கழித்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். அக்கா இப்போது உள்ளே இருக்கிறாள். யாரும் அவளை மன்னித்து உள்ளே எடுக்கவில்லை, மேஸ்திரி நூல் பிடித்த இடம் அப்படி. போன மாதம் புதிதாக வந்த சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப் பையன். "இப்ப அதெல்லாம் பாக்கறதில்ல பாட்டி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இப்போது பார்க்காத ஒன்றைத்தான் அப்போது பார்த்து என் அக்காவை நாய் மாதிரி புதைத்தீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் தைத்தேன். பத்தொன்பது. அவள் நாலுதான் கேட்டாள்.

இப்போது இருப்பது அடையாறில், மூன்றாவது மாடி. நிலை அகலமானது. சாயங்காலக் காற்று வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து அந்த ஒரு குண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்தேன். சத்தம் கேட்டது. நான் ஒதுங்கி நின்றேன்.