பொட்டு வைத்த மாதாவும் கரோல் மாமியும்

"நீ எதை நம்புகிறாய்?" என்று என் பதின்மூன்றாவது வயதில் ஒருவர் என்னிடம் கேட்டார். இன்றைக்கு எனக்கே ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நெற்றியில் ஒரு சில்லென்ற ஈரம் படுகிறது. அது அம்மாவின் "லேஞ்சி"யின் ஈரம். கைக்குட்டை என்று புத்தகத்தில் படித்த சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், கீழே மரக்கறிக் கடையும் மேலே ஐந்து மாடிகளுமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தோம். இடம் போதாததால் எங்கள் சாமிகள் எல்லாரும் குசினி அலுமாரியின் மேல்தட்டில், அரிசிக்கும் பருப்புக்கும் மேலே இருந்தார்கள். காலையில் அம்மா அந்த அலுமாரியைத் திறந்து, கும்பிட்டு, என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். பிறகு என்னோடு படியிறங்கி வந்து, தெருக்கதவைத் திறப்பதற்கு முன்னால், அதே திருநீற்றை ஈர லேஞ்சியால் பதமாகத் துடைத்துவிடுவார். நான் அவருடைய உயரத்துக்கு வளர்ந்த பிறகும் இது நடந்தது. "கும்பிட்டது சாமிக்குத் தெரியும். ரீச்சருக்குத் தெரியத் தேவையில்லை" என்பார். மதத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோகக்கூடாது என்பது பிரான்ஸின் முறை. பிரெஞ்சு உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்த அப்பா இன்னும் தெளிவாகச் சொல்வார்: "பள்ளிக்கூடம் அரசாங்கத்தின்ரை வீடு. ஆற்றை வீட்டுக்குப் போறமோ அந்த வீட்டு முறைக்கு நடக்கவேணும்." சப்பாத்து மாட்டுவதைப்போல அதுவும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் செய்கிற ஒரு வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் பதின்மூன்றாவது வயதின் கோடையில்தான் அமெரிக்காவிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். படிக்கப் போன இடத்தில் அவர் கலியாணம் செய்துகொண்ட கரோல் மாமி ஜோர்ஜியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். உயரமானவர், சிரித்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும். அவர் வருவதற்கு ஒரு கிழமை முன்பே அம்மாவுக்குக் கவலை பிடித்துவிட்டது. புதிய மச்சாள் கிறிஸ்தவர். வந்து குசினி அலுமாரியைத் திறந்தால் தன்னுடைய சாமி ஒன்றுமே இல்லையே என்று மனம் நோகமாட்டாரா? அம்மா யோசித்து யோசித்து, ஒருநாள் மொன்மார்த் மேட்டுத் தேவாலயப் பக்கம் ஏறிப் போய், நீலச் சால்வை போர்த்த மாதா சொரூபம் ஒன்றை வாங்கி வந்து, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே இடம் ஒதுக்கி வைத்தார். மற்றச் சாமிகளுக்கு வைத்துவிட்டு இவருக்கு மட்டும் வைக்காமல் விட்டால் சரியில்லை என்று மாதாவின் நெற்றியிலும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார்.

மாமி வந்த அன்று மத்தியானம் அம்மா புட்டும் மீன்குழம்பும் சமைத்திருந்தார். எல்லாரும் சாப்பிட இருந்து, அப்பா புட்டில் கை வைத்த நேரத்தில், மாமி இரண்டு பக்கமும் கை நீட்டினார். ஒரு பக்கத்தில் நானும் மறுபக்கத்தில் அப்பாவும் இருந்தோம். அப்பா குழம்பு பட்ட விரல்களை அவசரமாகக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கையைக் கொடுத்தார். மாமி கண்ணை மூடி, சத்தமாக, பக்கத்தில் இருக்கிறவரோடு கதைப்பதுபோலக் கடவுளோடு கதைக்கத் தொடங்கினார். மாமா ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்கு மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்.

"சாப்பாட்டுக்கு நன்றி எண்டு சொல்லுறா. அக்காவின்ரை கைக்கு நன்றியாம். அத்தானுக்குக் குனிஞ்சு நிண்டு வேலை செய்து நாரி நோகக்கூடாதாம்."

"அது எப்பிடி அவவுக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

"நான்தான் சொன்னனான். இருங்கோ, இன்னும் முடியேல்லை. பிளேனிலை பக்கத்திலை இருந்த மனுசிக்கு முழங்கால் நோ மாறவேணுமாம்."

"தம்பி, புட்டு ஆறுது" என்றார் அம்மா.

ஒவ்வொரு இடைவெளியிலும் முடிந்துவிட்டது என்று நினைத்து அப்பா கையை எடுக்கப் பார்ப்பார். மாமி இறுக்கிப் பிடிப்பார். கடைசியில் ஆமென் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் பெயரையும் அவர் அதற்குள் சொல்லியிருந்தார் என்பதால் சிரிப்பு வெளியே வரவில்லை.

அன்று பின்னேரமே அம்மா பெருமையோடு அலுமாரியைத் திறந்து காட்டினார். மாமி குனிந்து ஒவ்வொருவராகப் பார்த்து, பொட்டு வைத்த மாதாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். "உங்கடை ஆள்தான்" என்றார் அம்மா தமிழிலேயே. மாமி சிரித்தார், பிறகு ஆங்கிலத்தில் நிதானமாக ஏதோ சொன்னார். மாமாவின் முகம் மாறியது. "நல்ல வடிவாம் எண்டு சொல்லுறா, அக்கா" என்று மொழிபெயர்த்தார்.

மாமி மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு குறுகிப்போகாது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட ஆங்கிலம் தெரிந்த எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எங்கள் சபையில் சிலைகள் இல்லை. நான் மரியாளைக் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் உன் அம்மா எனக்காக இதைச் செய்தார், அதை நான் மறக்கமாட்டேன். இதை அப்படியே அவரிடம் சொல்லு, எதையும் விட்டுவிடாதே."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். வந்த முதல் நாளிலேயே இரண்டு மச்சாள்மாருக்கும் இடையில் பிணக்கு வந்துவிடுமோ என்று தயங்கினேன். ஆனாலும் மாமி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார், சொல்லிவிட்டேன்.

அம்மா மாதாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் எல்லாரும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த கத்தோலிக்கர்கள்தான். மாதா இல்லாத வேதம் ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பிறகு கோபமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்: "அப்ப ஆரைப் பாத்துக் கும்பிடுறா? முன்னாலை ஒருத்தரும் இல்லாமல் எப்பிடிக் கும்பிடுறது?"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். மாமி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, திறந்திருந்த அலுமாரிக்கு முன்னாலேயே, கண்ணை மூடி, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். இம்முறை மாமா மொழிபெயர்க்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அடுத்தநாள் அப்பாவிடம் அம்மா சொன்னதை நான் கேட்டேன். "எங்கடை கோயிலிலை அர்ச்சனைத் துண்டு வாங்கி, பேர் நட்சத்திரம் சொன்னால்தான் ஐயர் எங்கடை பேரைச் சொல்லுவார். இவ ஒண்டும் கேக்காமல் என்ரை பேரைக் கடவுளுக்குச் சொல்லிப்போட்டா, பாத்தீங்களே." முகத்துக்கு நேரே தன் மாதாவை வேண்டாம் என்ற ஒருவரைப் பற்றி அம்மா அப்படிப் பேசினார். மாதாவையும் அவர் எடுக்கவில்லை. "வந்த ஆளைத் திருப்பி அனுப்பேலாது" என்றார்.

மாமி நின்ற நாட்களில் நான்தான் அவரோடு கடைத்தெருவுக்குப் போவேன். அமெரிக்கர்கள் பணத்தைத் தவிர வேறொன்றையும் நினைக்கமாட்டார்கள் என்று எப்படியோ ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. மாமியோ மெத்ரோவில் ஏறும்போதும் கும்பிட்டார், தொலைந்த குடை கிடைத்தபோதும் கும்பிட்டார். தமிழ்க் கடை ஒன்றில் தோசைக்கு முன்னால் அவர் கண்ணை மூடியபோது, கல்லாவில் இருந்த அண்ணை தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சாம்பார் வாளியோடு வந்த ஆளைக் கை காட்டி நிறுத்தினார். மாமி ஆமென் என்றதும் பக்கத்து மேசை ஐயா ஒருவர், சும்மா இருக்க முடியாமல், "அரோகரா" என்றார். மாமி திரும்பி அவருக்கு நன்றி சொன்னார்.

எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் இருந்த பிரெஞ்சு மதாமிடம், படியில் கண்ட முதல் நாளே, எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள் என்று மாமி கேட்டுவிட்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூட அந்த மதாமின் முகம் அப்படிச் சிவந்திருக்காது. தான் கத்தோலிக்கர்தான், ஆனால் கடவுள் இருக்கிறார் என்று நினைக்கவில்லை என்று ஒருவாறு சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமிக்கு அது விளங்கவே இல்லை. நம்பாதவர் ஏன் கத்தோலிக்கர் என்கிறார்? மாமா சிரித்தார். "இஞ்சை அது பிறந்த ஊர் மாதிரி. எங்கடை ஆக்களுக்கும் அப்பிடித்தான். அமெரிக்காவிலை எண்டால் வேறை. புதுசா ஓர் ஊருக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை எங்கை போறீங்கள் எண்டு கேப்பினம். எங்கேயும் போறேல்லை எண்டு சொல்ல வெக்கமாயிருக்கு, அத்தான். அதாலைதான் நானே எங்கடை கோயிலுக்கு ஒழுங்காப் போகத் தொடங்கினனான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தங்கடை சபைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூண்டு தரம் இரட்சிச்சும் போட்டினம்."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் நான் அதை நெடுநேரம் யோசித்தேன். எங்களுக்கு நம்பிக்கை வீட்டோடு வந்தது, யாரும் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கதவுக்கு உள்ளே இருக்கிற விஷயம், கேட்பதே மரியாதை இல்லை. அமெரிக்கர்களோ, மாமியைப் பார்த்த அளவில், தாங்களே தேடித் தெரிந்தெடுத்து, பெயர் சொல்லி, அதைப் பற்றி யார் கேட்டாலும் முகம் மலர்ந்து பதில் சொல்கிறார்கள்.

லாச்சப்பல் மெத்ரோ மேடையில், தண்டவாளம் தெருவுக்கு மேலே போகிற அந்த இடத்தில், வண்டிக்குக் காத்து நின்றபோதுதான் மாமி என்னிடம் அதைக் கேட்டார். "நீ எதை நம்புகிறாய்?" நாங்கள் சைவ சமயம் என்றேன். "அது உன் குடும்பம். நான் உன்னைக் கேட்டேன்." குற்றம் பிடிக்கிற குரல் இல்லை அது, உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்பதைப்போல, பதிலைக் கேட்க ஆசையோடு கேட்டார். அதற்கு முன் யாரும் என்னை அப்படி ஒரு தனி ஆளாகக் கணக்கில் எடுத்ததில்லை. வண்டி வந்தது, ஏறிவிட்டோம்.

இந்த வசந்தகால விடுமுறையில் மாமி மறுபடி வந்திருந்தார், பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு. தலை நரைத்துவிட்டது, கை நீட்டுவது மாறவில்லை. அம்மா எனக்குத் தந்துவிட்ட அந்த மாதா இப்போது என் அலுமாரியில் இருக்கிறார். மாமி அவரை இன்றும் கும்பிடுவதில்லை. காலையில் ஒரு குட் மோர்னிங் மட்டும் சொல்வார். என் மகள் லயா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

மாமி போன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கன்ரீனில் லயா இரு பக்கத்துப் பிள்ளைகளின் கையையும் பிடித்து, கண்ணை மூடி, மேசையில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் சொல்லி நன்றி சொல்கிறாளாம். சாப்பாடு போடுகிற மதாமின் பெயரையும். ஒரு பிள்ளையின் தகப்பன் இது என்ன என்று கேட்டிருக்கிறார். இன்னொரு பிள்ளை, அன்று தன் பெயர் விடுபட்டுவிட்டது என்று அழுதிருக்கிறாள். ஆசிரியை இளம் பெண், நல்லவர். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "பிள்ளைகள் கடவுளோடு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, மதாம். அவர் இங்கே பேசாமல் இருந்தால் போதும்" என்றார். அவர் சொன்னது நியாயம். இதே நியாயம்தான் என்னை இந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் குறையாமல் படிக்கவைத்தது. அந்தத் தகப்பனுடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேனோ என்னவோ.

மனதுக்குள்ளே சொல்லு என்று லயாவிடம் சொன்னேன். அவள் வழக்கம்போலப் பிரெஞ்சில் கேட்டாள்: "மனதுக்குள்ளே சொன்னால், நான் தங்கள் பெயரைச் சொன்னேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மாவைக் கேட்டேன். "நெத்தியிலை கிடக்கிறதை நான் துடைச்சன், பிள்ளை. வாயிலை கிடக்கிறதை எப்பிடித் துடைக்கிறது?" என்றார். கணவர், வளர்ந்தால் மறந்துவிடுவாள் என்கிறார். எனக்கோ அவள் மறந்துவிடுவாளோ என்பதும் ஒரு பயமாக இருக்கிறது. இப்போதைக்குக் கன்ரீனில் கை பிடிப்பதில்லை என்று அவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்; ஆனால் முன்னைவிடக் கெதியாகச் சாப்பிட்டு எழும்பிவிடுகிறாளாம். புதிய தவணையில் மறுபடி பேசுவோம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

போன சனிக்கிழமை லாச்சப்பலுக்குப் போனேன். அண்ணை தொலைக்காட்சியைக் குறைத்த அந்தத் தோசைக்கடை இப்போது கைத்தொலைபேசி திருத்துகிற கடை. எங்கள் பழைய கட்டடத்தின் தெருக்கதவுக்கு இலக்கப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அம்மா லேஞ்சியோடு நின்ற படியை வெளியில் நின்று பார்க்க முடியவில்லை. கைப்பையில் மகளுக்காக நான் கொண்டுதிரிகிற ஈரக் கடதாசிப் பொட்டலம்தான் இருந்தது.

வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், ஆசிரியர்களும் இருப்பீர்கள், அமெரிக்காவில் வாழ்கிறவர்களும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பெயரைக் கடவுளிடம் சொல்ல விரும்புகிற ஒரு குழந்தையிடம், அதை வாசலில் துடைத்துவிட்டுப் போ என்று சொல்லாமல், பள்ளிக்கூடத்தின் முறைக்கும் குறை வராமல், என்ன சொல்லலாம்? உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னது எது? தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். லயா என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் இன்னும் அந்த மெத்ரோ மேடையிலேயே நிற்கிறேன்.